லாரி வாடகை பாக்கி நிற்கிறதா? சொல்லும் சாக்கை வைத்தே வழி தேடலாம்

நாமக்கல்லில் இரண்டு லாரி வைத்து ஓட்டுகிறேன். பகலில் லோடு தேடுவது, சாயங்காலம் லோடு கொடுத்த டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்களுக்குப் பாக்கி கேட்டு போன் போடுவது. இந்த இரண்டில் இரண்டாவதுதான் முழுநேர வேலை.

கணக்கு எப்படி நிற்கும் என்று ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன். 25 டன் லோடு, டன்னுக்கு 2,400 ரூபாய் என்றால் வாடகை 60,000. ஏற்றும்போது அட்வான்ஸ் 48,000, இறக்கியபின் பேலன்ஸ் 12,000. டீசல், டோல், டிரைவர் பேட்டா எல்லாம் அந்த அட்வான்ஸிலேயே கரைந்துவிடும். நமக்கென்று மிச்சம் இருப்பது அந்த 12,000-தான். நிற்பதும் அதே 12,000-தான்.

எந்தச் சாக்கு வந்தாலும் முதலில் நான் கேட்பது ஒரே கேள்வி: "பில் இப்போ யார் டேபிள்ல இருக்குங்க?" பணம் எப்போது வரும் என்று கேட்டால் "நாளைக்கு" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். டேபிளைக் கேட்டால் யாராவது ஒருவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். அடுத்த போன் அந்தப் பெயருக்கு.

போன் போடும் முன் எல்ஆர் (லோடு ஏற்றும்போது போடும் லாரி ரசீது) நம்பர், லாரி நம்பர், ஏற்றிய தேதி, இறக்கிய தேதி, வாடகை பேசிய வாட்ஸ்அப் மெசேஜ், அட்வான்ஸ் வந்த தேதி எல்லாம் கண் முன்னால் இருக்கட்டும். "போன மாசம் நாக்பூர் போச்சே, அந்த லோடுங்க" என்று ஆரம்பித்தால் அந்தப் பக்கம் இருப்பவர் பாதி கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

"பிஓடி இன்னும் வரலைங்க"

பிஓடி என்பது சரக்கை வாங்கியவர் சீலும் கையெழுத்தும் போட்டுத் தரும் டெலிவரி அத்தாட்சி. பத்தில் ஏழு பாக்கி இங்கேதான் நிற்கிறது. கோபப்பட வேண்டாம், பல நேரம் உண்மையாகவே வந்திருக்காது.

முதலில் நம் பக்கம் பாருங்கள். டிரைவர் பிஓடியை கேபினில் சன் வைசருக்கு மேலே சொருகி வைத்துவிட்டு அடுத்த லோடுக்குப் போயிருப்பார். சரக்கு இறக்கிய இடத்தை விட்டு லாரி நகரும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்பக்கம் மட்டும் போதாது. நிறைய குடோன்களில் சீலைப் பின்பக்கம்தான் குத்துகிறார்கள்.

அனுப்பியாகிவிட்டது என்றால் கூரியர் ரசீதில் உள்ள நம்பரை வைத்து யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்று பாருங்கள். "செக்யூரிட்டி" என்று இருந்தால் கவர் வாசலிலேயே கிடக்கிறது என்று அர்த்தம். ஆபீசுக்குப் போன் போட்டு, "இன்ன தேதி, இத்தனை மணிக்கு கேட்ல வாங்கியிருக்காங்க" என்று சொன்னால் பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும்.

கவர் போய்ச் சேர்ந்தும் பில் நகரவில்லை என்றால் காகிதத்திலேயே ஏதோ குறை. நான் பார்த்தவரை இவைதான்: சீல் இருக்கிறது, தேதி இல்லை. தேதி இருக்கிறது, கையெழுத்து இல்லை. லாரி நம்பர் தப்பு. எங்கள் ஊரில் வடக்குக்கு டிஎன் 28, தெற்குக்கு டிஎன் 88. ஏற்றுமிடத்தில் எழுதுகிறவர் அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டுவிடுவார். ஈ-வே பில்லில் (சரக்கோடு போகும் ஜிஎஸ்டி சீட்டு) ஒரு நம்பர், எல்ஆரில் ஒரு நம்பர் என்று இருந்தால் கணக்குப் பிரிவில் அந்த பில்லைத் தொடமாட்டார்கள். ஏற்றுமிடத்திலேயே டிரைவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. பிறகு திருத்துவதென்றால் மூன்று வாரம்.

பிஓடி தொலைந்தே போய்விட்டால் மனம் தளர வேண்டாம். சரக்கை வாங்கியவரிடம் ஒரு காப்பி இருக்கும். அதில் புதிதாக சீலும் கையெழுத்தும் வாங்கி அனுப்பச் சொல்லலாம். அவர் ஒத்துழைக்காவிட்டால் போட்டோவோடு 'பிஓடி தொலைந்தது, பிற்பாடு ஏதும் கோரிக்கை வந்தால் நான் பொறுப்பு' என்று ஒரு பாண்டு எழுதிக் கேட்பார்கள். எழுதுமுன் அந்தப் பொறுப்புக்கு ஒரு தொகை வரம்பு போடச் சொல்லுங்கள். வரம்பில்லாமல் கையெழுத்துக் கேட்டால் மட்டும் வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

"பணம் போட்டாச்சே, அக்கவுண்டைப் பாருங்க"

பதிலுக்கு ஒன்றே ஒன்று கேளுங்கள்: யூடிஆர் நம்பர், அதாவது அனுப்பிய பணத்துக்கு பேங்க் தரும் அடையாள எண். போட்டிருந்தால் நம்பர் இருக்கும். நம்பர் இல்லையென்றால் போடவில்லை.

"பேங்க் லீவுங்க, திங்கட்கிழமைதான் ஏறும்" என்பது இன்னும் உயிரோடு இருக்கும் ஒரு பழைய வசனம். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் வருடம் முழுக்க, ராத்திரி பகல் பாராமல் ஓடுகின்றன. நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தடவை போகும். அந்தச் சுற்று முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பணம் ஏற வேண்டும், இல்லையென்றால் அனுப்பியவருக்கே திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இதைப் பணிவாகச் சொன்னால் வசனம் மாறும்.

நம்பர் கொடுத்தும் பணம் ஏறவில்லையா? அவர்களிடம் நம் கணக்கு எண் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு இலக்கம் மாறியிருக்கலாம். பேங்க் இணைந்த பிறகு பழைய ஐஎஃப்எஸ்சி கோடே கிடக்கலாம். அல்லது இரண்டு லாரிக்கு இரண்டு கணக்கு வைத்திருப்பவர் என்றால் நீங்கள் பார்க்காத கணக்கில் ஏறியிருக்கலாம். சிரிக்காதீர்கள், ஒரு 18,000 ரூபாய்க்காக நான் இருபது நாள் சண்டை போட்டிருக்கிறேன். பணம் என் மனைவி பெயரில் உள்ள கணக்கில் உட்கார்ந்திருந்தது.

இதை ஒட்டி இன்னொன்று. ஆர்சி அப்பா பெயரில், கணக்கு மகன் பெயரில் என்று இருந்தால் பெரிய டிரான்ஸ்போர்ட்டுகளில் கணக்குப் பிரிவு பணத்தை நிறுத்திவிடும், ஆனால் உங்களிடம் அதைச் சொல்லாது. ஆர்சி உரிமையாளரின் சம்மதக் கடிதம், கேன்சல் செய்த செக், இரண்டு பேரின் பான் காப்பி. இந்த மூன்றையும் முதல் லோடிலேயே கொடுத்து வைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

பணம் வந்தது, ஆனால் குறைவாக வந்தது

கேட்க வேண்டியது: "கட்டிங் விவரம் அனுப்புங்க." வாயால் சொல்வது வேண்டாம், எழுத்தில் வரட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். வந்த விவரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

*டிடிஎஸ் என்று இருந்தால்*

வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிப்பது இது. பழைய சட்டப் பிரிவு எண்ணை வைத்து ஆபீஸ்காரர்கள் இன்றும் 194சி என்றே சொல்கிறார்கள். தனிநபர் பெயரில் லாரி இருந்தால் 1 சதவீதம். அது பேலன்ஸின் மேல் அல்ல, மொத்த வாடகையின் மேல். நம் மாதிரிக் கணக்கில் 600 ரூபாய். ஆனால் வருடத்தில் எப்போதுமே பத்து லாரிக்கு மேல் இல்லாதவர், அதைப் பான் நம்பரோடு எழுதிக் கொடுத்துவிட்டால், பிடிக்கவே வேண்டியதில்லை. ஒரே பக்க உறுதிமொழி. ஒவ்வொரு டிரான்ஸ்போர்ட்டுக்கும் ஏப்ரல் மாதமே கொடுத்துவிடுங்கள். நான் பத்து காப்பி கையெழுத்துப் போட்டு வைத்திருப்பேன்.

600-க்குப் பதில் 12,000 பிடித்திருந்தால் அதிர வேண்டாம். பான் கொடுக்கவில்லை, அல்லது கொடுத்த பான் ஆதாருடன் இணையாமல் செயலற்றுக் கிடக்கிறது. அப்படியானால் 20 சதவீதம். 60,000-க்கு 20 சதவீதம் என்றால் பேலன்ஸ் மொத்தமும் அதிலேயே போய்விடும். முதலில் பான் நிலையைச் சரிபாருங்கள். பிடித்த பணம் வருமான வரி இணையதளத்தில் நம் வரி வரவு அறிக்கையில் (26ஏஎஸ் என்பார்கள்) ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். ஏறவே இல்லை என்றால் பிடித்தவர் அரசுக்குக் கட்டாமல் விட்டிருக்கலாம், அல்லது நம் பான் நம்பரில் காட்டாமல் விட்டிருக்கலாம். அங்கே ஆடிட்டரைக் கூப்பிடுங்கள்.

ஜிஎஸ்டி என்று ஏதாவது பிடித்திருந்தால் நேரே மறுக்கலாம். டிரான்ஸ்போர்ட் நிறுவனத்துக்கு லாரியை வாடகைக்கு விடும் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு.

*ஷார்ட்டேஜ், டேமேஜ் என்று இருந்தால்*

எடைச் சீட்டு இரண்டு வேண்டும்: ஏற்றிய இடத்தில் ஒன்று, இறக்கிய இடத்தில் ஒன்று. ஏற்றிய இடத்தில் காலி லாரியை எடை போட்டார்களா, இல்லை ஆர்சியில் உள்ள காலி எடையைக் கழித்தார்களா என்று பாருங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு, பாதி டாங்க் டீசல், டிரைவரின் அடுப்பு சாமான் எல்லாம் சேர்ந்து நூறு நூற்றைம்பது கிலோ தாராளமாக வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்தைத்தான் பல நேரம் ஷார்ட்டேஜ் என்று நம் தலையில் கட்டுகிறார்கள்.

பிறகு பிஓடியைத் திருப்பிப் பாருங்கள். ஷார்ட்டேஜ் உண்மையானால் இறக்கிய அன்றே அதில் எழுதியிருப்பார்கள். சுத்தமான சீல், குறிப்பு ஒன்றும் இல்லை, ஆனால் நாற்பது நாள் கழித்து "எட்டு மூட்டை கிழிசல்" என்று வந்தால் அதை ஏற்க வேண்டியதில்லை. நீங்கள் உத்யம் பதிவு (சிறு குறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு, விவரம் பின்னால்) வைத்திருந்தால் சட்டமே துணைக்கு வரும்: வேலை முடிந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. கட்டிங் விவரத்தை எழுத்தில் வாங்கச் சொன்னது இதற்குத்தான். அதில் உள்ள தேதி அவர்களையே மாட்டிவிடும்.

*ஹால்டிங் தரவில்லை என்றால்*

ஹால்டிங் என்பது லோடை இறக்காமல் லாரி காத்து நிற்கும் நாளுக்கான பணம். இதில் நான் நிறைய இழந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக.

மும்பை பக்கம் பிவண்டியில் ஒரு குடோன். வியாழக்கிழமை காலை லாரி போய் நின்றது. "இடம் இல்லை, காத்திருங்க." திங்கட்கிழமை சாயங்காலம் இறக்கினார்கள். ஹால்டிங் கேட்டபோது புக்கிங் ஆபீசில் இருந்தவர், "உங்க வண்டி ஞாயித்துக்கிழமைதாங்க ரிப்போர்ட் பண்ணிருக்கு" என்றார். குடோன் ரிஜிஸ்டரில் அப்படித்தான் எழுதியிருந்தார்களாம். டிரைவர் சத்தியம் செய்தார், நான் சத்தம் போட்டேன், ஒரு பைசா வரவில்லை. வண்டி வந்த அன்று கேட்டில் எதையும் எழுதி வாங்கவில்லை என்பதுதான் அங்கே நடந்த தப்பு.

அதற்கப்புறம் டிரைவர்களுக்கு ஒரே உத்தரவு. வண்டி கேட்டுக்குப் போனதும் முதலில் எல்ஆரின் பின்புறம் 'வந்த நேரம்' எழுதி கேட்காரரிடம் கையெழுத்து. தரமாட்டேன் என்றால் கேட் போர்டு தெரிய லாரியோடு ஒரு போட்டோ, இருப்பிடத்தோடு, ஆபீஸ் வாட்ஸ்அப் நம்பருக்கு உடனே. "வண்டி ரிப்போர்ட் ஆகிவிட்டது, காலை 7.40" என்று ஒரு வரி. அந்த மெசேஜுக்கு அவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால்கூடப் போதும், பார்த்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

அது இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது. ஃபாஸ்டேக் கணக்கு அறிக்கையில் கடைசி டோலைத் தாண்டிய தேதியும் நேரமும் இருக்கும். குடோனுக்கு நாற்பது கிலோமீட்டர் முன்னால் உள்ள டோலை வியாழன் விடியற்காலை தாண்டிய லாரி, ஞாயிறு வரை எங்கே போயிருக்கும்? ஜிபிஎஸ் இருந்தால் அந்த ரிப்போர்ட்டும் சேர்த்து அனுப்புங்கள். முழு ஹால்டிங் வராவிட்டாலும் பாதியாவது வரும்.

ஒன்று மறக்க வேண்டாம்: லோடு பேசும்போது ஹால்டிங் பற்றிப் பேசவே இல்லை என்றால், பிறகு வாங்குவது தயவில்தான். எத்தனை நாள் இலவசம், அப்புறம் நாளுக்கு எவ்வளவு என்று ஏற்றும் முன்பே ஒரு மெசேஜ் போட்டு "சரி" வாங்கிவிடுங்கள்.

*லேட் டெலிவரி என்று இருந்தால்*

ஏற்றும் முன் எழுத்தில் நாள் பேசியிருந்தால்தான் பிடிக்கலாம். ஈ-வே பில் காலாவதியாகி அபராதம் கட்டினோம் என்றால் அபராத ரசீதைக் கேளுங்கள். ஈ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் ஓடும். முடியும் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டிக்க வழி உண்டு. வண்டி பிரேக்டவுன் என்று நீங்கள் தகவல் சொன்ன பிறகும் ஆபீஸ் நீட்டிக்காமல் விட்டிருந்தால், அந்த அபராதத்தை உங்கள் தலையில் கட்ட முடியாது.

"பார்ட்டி எங்களுக்கே இன்னும் கொடுக்கலைங்க"

பார்ட்டி என்றால் ஆபீசுக்கு லோடு கொடுத்த சரக்குக்காரர். கேட்கவே பாவமாக இருக்கும். ஆனால் லாரியைப் பேசியது யார்? ஆபீஸ். பார்ட்டிக்கும் ஆபீசுக்கும் உள்ள கடன் அவர்கள் இருவருக்கும் இடையில் உள்ளது.

ஆனாலும் முதலில் இது உண்மையா என்று பாருங்கள். அதே பார்ட்டிக்கு ஓட்டிய வேறு லாரிக்காரர்களை லாரி உரிமையாளர் சங்கத்தில் விசாரித்தால் அரை நாளில் தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு வந்திருக்கிறது, உங்களுக்கு மட்டும் இல்லை என்றால், உங்கள் காகிதம் எங்கோ நிற்கிறது. மேலே உள்ள பிஓடி பகுதிக்குத் திரும்புங்கள். யாருக்கும் வரவில்லை என்றால் ஆபீஸ் திணறுகிறது. புது லோடு எடுக்காதீர்கள். "இந்த லோடும் போட்டுட்டு வாங்க, ரெண்டுக்கும் சேத்து செட்டில் பண்ணிடறோம்" என்று சொல்வார்கள். இந்த ஒரு வரியை நம்பி ஒரு பேலன்ஸை நான்கு பேலன்ஸ் ஆக்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

முதல் படி, சங்கத்திலிருந்து ஒரு போன். சங்க நிர்வாகி பேசினால் பல புக்கிங் ஆபீஸ்கள் அந்த வாரமே கொடுத்துவிடும், அவர்களுக்கு நாளைக்கும் லாரி வேண்டுமே. செலவு இல்லாத வழி இதுதான்.

இரண்டாவது, உத்யம். சிறு குறு நிறுவனம் என்று அரசு இணையதளத்தில் இலவசமாகப் பதியலாம். ஒரு லாரி வைத்திருப்பவரும் பதியலாம், காசு கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை. பதிந்திருந்தால் 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் நாள் பேசவில்லை என்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பேலன்ஸ் பாக்கிக் கடிதத்தின் மேல் உத்யம் நம்பரைப் போட்டு, இந்த வட்டியையும் ஒரு வரியில் குறிப்பிட்டு அனுப்புங்கள். வழக்கு வரை போகாமலே பாதிப் பேர் கொடுத்துவிடுவார்கள்.

மார்ச் மாதத்தில் இந்தக் கடிதத்துக்குத் தனி பலம். 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள வருமான வரி விதிப்படி, இப்படிப் பதிந்த சிறு குறு நிறுவனத்துக்கு அந்தக் கெடுவுக்குள் தராமல், வருட முடிவிலும் பாக்கி வைத்தால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவில் காட்ட முடியாது. நம் போனுக்கு மசியாத முதலாளி அவருடைய ஆடிட்டரின் போனுக்கு மசிவார்.

அதற்கும் அசையவில்லை என்றால் எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். அது மாநிலத்தின் எம்எஸ்எம்இ வசதி மன்றத்துக்குப் போகும். இதில் நமக்கு உள்ள பெரிய வசதி என்னவென்றால், பணம் தர வேண்டியவர் டெல்லியில் இருந்தாலும் வழக்கு நம் ஊர் எல்லைக்குள் உள்ள மன்றத்தில் நடக்கும். அவர் இங்கே வர வேண்டும். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து அவர் கோர்ட்டுக்குப் போனால் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஒரு எச்சரிக்கை: லோடு ஏற்றும் முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும். பாக்கி நின்றபின் ஓடிப்போய்ப் பதிந்தால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அந்தத் தேதியைத்தான்.

பத்து பன்னிரண்டாயிரத்துக்கு வக்கீல் வைத்தால் வக்கீல் ஃபீஸே சரியாகப் போய்விடும். பதிவில்லாத சின்ன பாக்கிக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் லோக் அதாலத்துக்கு மனுக் கொடுங்கள், கட்டணம் கிடையாது. எதிர்த்தரப்பு வந்து சமரசம் ஆனால்தான் பலன் என்பது அதன் குறை. தொகை லட்சத்தைத் தாண்டியிருந்தால் யோசிக்காமல் வக்கீலைப் பாருங்கள்.

இறக்குமிடத்தில் பேலன்ஸ் என்றார்கள், அங்கே போனால் "எங்களுக்குத் தெரியாது" என்கிறார்கள்

எல்ஆரைப் பாருங்கள். 'டு பே' என்று இருந்தால் சரக்கு வாங்குபவர் தர வேண்டும். 'பெய்ட்' என்றோ, பிற்பாடு பில் போடுவதாகவோ இருந்தால் அவருக்கும் வாடகைக்கும் சம்பந்தமே இல்லை, ஆபீஸ் உங்களிடம் தப்பாகச் சொல்லியிருக்கிறது. ஏற்றும்போதே அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று டிரைவர் போட்டோ அனுப்பியிருந்தால் இந்த நிலைமையே வராது.

இந்த இடத்தில் எல்லோருக்கும் வரும் யோசனை: "பணம் வரும் வரைக்கும் லோடை இறக்காதே." கொஞ்ச நேரம் வாசலில் நிறுத்தி வைத்துப் பேசுவது வேறு. லோடோடு லாரியைத் திருப்பி வேறு இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது வேறு. சரக்கு நம்முடையது அல்ல. நம்பிக்கை மோசடி என்று சரக்கின் சொந்தக்காரர் புகார் கொடுத்தால், 12,000 பாக்கி கேட்கப் போன நீங்கள் 12 லட்சம் சரக்குக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். முதலில் போலீஸ் பிடிப்பதும் டிரைவரைத்தான். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால் வண்டியைத் திருப்பும் முன் வக்கீலுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

செக் கொடுத்தார்கள், திரும்பி வந்துவிட்டது

இங்கே நாள் கணக்குதான் எல்லாம். "மறுபடி போடுங்க, இந்தத் தடவை பாஸ் ஆயிடும்" என்பார்கள். செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி போடலாம், தப்பில்லை. ஆனால் காலெண்டரில் குறித்து வையுங்கள்.

பேங்க் கொடுக்கும் ரிட்டர்ன் மெமோவை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அது கையில் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள், பணத்தைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ், ஒப்புகையுடன் தபாலில். நோட்டீஸ் அவருக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்குள் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கு. செக் சட்டத்தின் 138-வது பிரிவு என்று சொல்வது இதைத்தான். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். செக் போட்ட நம் கணக்கு எந்த ஊர் பேங்க் கிளையில் இருக்கிறதோ அந்த ஊர் கோர்ட்டில்தான் வழக்கு, அதனால் அலைச்சல் அவருக்கு.

நோட்டீஸை நாமே எழுதலாம் என்று தோன்றும். வேண்டாம். தொகையில் வட்டியையும் ஹால்டிங்கையும் சேர்த்துக் குழப்பி எழுதி வழக்கையே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. செக் திரும்பிய நாளே வக்கீலைப் பார்க்க வேண்டிய நாள்.

போன் எடுப்பதில்லை

வேறு நம்பரிலிருந்து, முடிந்தால் லோடு கேட்பது போல, ஒரு போன் போடுங்கள். உடனே எடுத்தால் ஆள் இருக்கிறார், உங்களைத்தான் தவிர்க்கிறார். மேலே "பார்ட்டி கொடுக்கலை" பகுதியில் உள்ள வழிதான்.

யாருக்குமே எடுக்கவில்லை என்றால் எல்ஆரில் உள்ள ஜிஎஸ்டி நம்பரை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுத் தேடுங்கள். பெயர், விலாசம், பதிவு உயிரோடு இருக்கிறதா, கடைசியாக எப்போது ரிட்டர்ன் போட்டார்கள் எல்லாம் இலவசமாகவே தெரியும். ரிட்டர்ன் நின்று ஆறு மாதம் ஆகியிருந்தால் கதை முடிந்துகொண்டிருக்கிறது. பழக்கமில்லாத ஆபீஸிடம் லோடு எடுக்கும் முன்பே நான் இதைப் பார்த்துவிடுவேன், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

எல்ஆரில் உள்ள டிரான்ஸ்போர்ட் பெயரும் உங்களிடம் லோடு பேசியவர் பெயரும் வேறு வேறாக இருந்தால், நடுவில் ஒரு புரோக்கர், சில நேரம் இரண்டு புரோக்கர். எல்ஆரில் உள்ள டிரான்ஸ்போர்ட்டுக்கு நேரே பேசுங்கள். "உங்கள் லோடு, என் லாரி, இந்தாங்க பிஓடி போட்டோ, அசல் என்னிடம் இருக்கு" என்று சொல்லுங்கள். அவர்கள் புரோக்கருக்கு ஏற்கெனவே கொடுத்திருந்தால் கொடுத்த விவரத்தை எழுத்தில் கேளுங்கள், போலீசுக்குப் போனால் அதுதான் ஆதாரம். இன்னும் கொடுக்கவில்லை என்றால் பல நேரம் அசல் பிஓடிக்குப் பதில் நேரே உங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அதனால் சந்தேகமான புரோக்கர் கையில் அசல் பிஓடியைக் கொடுக்கவே கூடாது.

லோடு இருக்கிறது என்று சொல்லி கமிஷனை முன்கூட்டியே யுபிஐயில் வாங்கிக்கொண்டு ஆள் மறைந்திருந்தால் அது பாக்கியே அல்ல, மோசடி. சங்கத்துக்கும் ஆபீசுக்கும் அலைந்து நேரத்தைப் போக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்க வாய்ப்பு.

பாக்கி பழசாகிவிட்டது

கோர்ட்டுக்குப் போக மூன்று வருடம்தான் கெடு. இரண்டரை வருடம் ஓடிவிட்ட பாக்கி என்றால் சண்டை போடாமல், நயமாகப் பேசி, "இன்ன தொகை தர வேண்டியிருக்கிறது" என்று அவர்கள் கையெழுத்தோடு ஒரு கணக்குச் சீட்டு வாங்கப் பாருங்கள். கெடு முடியும் முன் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த நாளிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஆரம்பிக்கும். தீபாவளிக்கு முன் ஆபீசில் கணக்குப் பார்க்கும் வாரத்தில் போனால் பெரும்பாலும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.